முதுகில் போடும் மார்பின் ஊசி: மருத்துவமும் மார்க்கமும் சொல்வது என்ன?



சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், இஷா தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஓர் இளைஞர் பள்ளிவாசல் தூணோரம் நின்றுகொண்டிருந்தார். கையில் மருத்துவமனைக் காகிதங்கள்.

"ஹஜ்ரத், அத்தாவுக்கு நாளை மறுநாள் நெஞ்சில் ஆபரேஷன். அதற்குப் பிறகு வலி தெரியாமல் இருக்க முதுகுத் தண்டில் மார்பின் ஊசி போடுவார்களாம். மார்பின் என்றால் அபின்தானே, கையெழுத்துப் போடாதே என்று பெரியத்தா சொல்கிறார்கள். அத்தாவும், 'போதை மருந்து ஏறிய உடம்போடு மௌத்தாகிவிட்டால் என்ன செய்வது? வலியைப் பொறுத்துக்கொள்கிறேன்' என்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?" என்று கேட்டார்.

அவருடைய அத்தாவுக்கு வயது அறுபது இருக்கும். வாலிபத்தில் வந்த காசநோயால் வலது நுரையீரலின் மேல்பகுதி சிதைந்துபோய், இருமும்போதெல்லாம் ரத்தம் வந்துகொண்டிருந்தது. அந்தப் பகுதியை அகற்றுவதற்காகத்தான் அறுவை சிகிச்சை.

நாம் உடனே பதில் சொல்லவில்லை. காரணம், அபூதாவூதில் பதிவான ஒரு நிகழ்ச்சி நம் நினைவுக்கு வந்தது. பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்பு கடமையானது. தயம்மும் செய்துகொள்ளலாமா என்று உடனிருந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது உமக்கு அந்தச் சலுகை இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, அவரைக் கொன்றவர்கள் இவர்களே என்று கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா, அறியாமைக்கு மருந்து கேள்விதானே என்ற கருத்தில் அறிவுறுத்தினார்கள்.

போதைப்பொருள் பற்றிய சட்டம் நமக்குத் தெரியும். ஆனால் அந்த ஊசி என்ன, எவ்வளவு, உடம்பில் என்ன செய்கிறது என்பது தெரியாது. தெரியாமல் "ஹராம்" என்று சொல்லி ஓர் உயிருக்கு ஆபத்து வந்தால், மறுமையில் யார் பதில் சொல்வது? ஆகவே மறுநாள் காலை அந்த இளைஞருடன் மருத்துவமனைக்குப் போய், மயக்க மருந்து டாக்டரைச் சந்தித்து விளக்கம் கேட்டோம். பிறகு நூல்களையும் புரட்டினோம். இதே கேள்வி பல குடும்பங்களில் எழுவதால், அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

நெஞ்சு அறுவை சிகிச்சையின் வலி ஏன் தனி?

நுரையீரலை அடைய, விலா எலும்புகளுக்கு இடையே கீறி, எலும்புகளைக் கருவியால் விரித்து வைக்கிறார்கள். ஒவ்வொரு விலா எலும்பின் அடிப்பக்கத்திலும் ஒரு நரம்பு ஓடுகிறது. விரிக்கும்போது அது நசுங்கலாம், இழுபடலாம். சிகிச்சை முடிந்த பிறகு, உள்ளே தேங்கும் காற்றும் நீரும் வெளியேற விலாவிடுக்கில் ஒரு வடிகுழாயும் இருக்கும். அதுவும் உராய்ந்து வலி தரும். இப்போது சிறு துளைகள் வழியாகக் கேமரா வைத்துச் செய்யும் முறை வந்திருக்கிறது. அதில் வலி குறைவு. ஆனால் பழைய காசநோயால் நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டிப்போன நோயாளிகள் பலருக்குத் திறந்துதான் செய்ய வேண்டியிருக்கிறது.

கால் முறிந்தவர் காலை அசைக்காமல் படுத்திருக்கலாம். கையில் காயம்பட்டவர் கையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொள்ளலாம். நெஞ்சுக்கு அந்த ஓய்வு இல்லை. ஒவ்வொரு மூச்சிலும் அந்தக் காயம் அசைகிறது. நிமிடத்துக்குப் பதினைந்து மூச்சு என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளில் இருபதாயிரம் தடவைக்கு மேல்.

வலி தாங்காதவர் என்ன செய்வார்? மூச்சை மேலோட்டமாக இழுப்பார். இருமலை அடக்குவார். இருமினால்தானே சளி வெளியேறும்? அது உள்ளேயே தங்கிவிடும். நுரையீரலின் அடிப்பகுதிகள் காற்றுப் புகாமல் சுருங்கும். தேங்கிய சளியில் கிருமி வளர்ந்து நிமோனியா வரும். ஏற்கெனவே ஒரு பகுதி நுரையீரலை இழந்தவருக்கு இது உயிராபத்து. இன்னொன்றும் உண்டு: நெஞ்சு திறந்து சிகிச்சை பெற்றவர்களில் பத்துக்கு மூன்று முதல் ஐந்து பேர் வரை, காயம் ஆறிப் பல மாதங்கள் கழிந்த பிறகும் அந்த இடத்தில் எரிச்சலும் வலியும் இருப்பதாகச் சொல்கிறார்கள். முதல் சில நாட்களில் வலி கடுமையாக இருந்தவர்களுக்கே இது அதிகம் வருகிறது.

டாக்டர் சொன்ன ஒரு வார்த்தை நம் மனத்தில் தங்கிவிட்டது. "இவரைச் சுகமாகத் தூங்கவைப்பதற்காக இதைக் கொடுக்கவில்லை ஹஜ்ரத், இருமவைப்பதற்காகக் கொடுக்கிறோம்" என்றார்.

அந்த ஊசி என்ன செய்கிறது?

நம் முதுகெலும்பின் நடுவே தண்டுவடம் இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு பை. பைக்குள் தெளிந்த நீர். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் இந்த நீரின் மொத்த அளவு பெரியவர்களுக்குச் சுமார் 150 மில்லி. தண்டுவடம் இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே பையில் நீரும், நூல்களைப் போல மிதக்கும் நரம்புகளும் மட்டுமே. அங்கேதான் மெல்லிய ஊசியைச் செலுத்தி மருந்தை விடுகிறார்கள். ஆகவே தண்டுவடத்தையே குத்துகிறார்கள் என்று பயப்பட வேண்டியதில்லை.

விலா நரம்புகள் கொண்டுவரும் வலிச் செய்தி தண்டுவடத்தின் பின்பகுதியில் இன்னொரு நரம்புக்குக் கைமாறி, அங்கிருந்து மூளைக்குப் போகிறது. அந்தக் கைமாறும் இடத்தில் மார்பின் போன்ற மருந்துகள் வந்து பொருந்தும் ஏற்பிகளை அல்லாஹ் படைத்து வைத்திருக்கிறான். வலியைத் தணிக்க உடம்பே சுரக்கும் சில பொருட்கள் அமர்வதற்கான இடங்கள் அவை. மார்பின் அங்கே போய் அமர்ந்துகொள்ளும்போது, வலிச் செய்தி மிகவும் மங்கலாகத்தான் மேலே போகிறது.

அளவைப் பாருங்கள். நெஞ்சு சிகிச்சைக்கு இப்படிக் கொடுக்கும் மார்பின் பெரும்பாலும் 200 முதல் 300 மைக்ரோகிராம் வரை. அதாவது ஒரு மில்லிகிராமில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இதே வலி நிவாரணத்தை ரத்தக் குழாய் வழியாகப் பெற வேண்டுமானால் ஏறத்தாழ நூறு மடங்கு தேவைப்படும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. மருந்து வேலை செய்ய வேண்டிய இடத்திலேயே போய்ச் சேர்வதால் இவ்வளவு குறைவு போதுமானதாக இருக்கிறது. ஒரே ஊசியின் பலன் 18 முதல் 24 மணி நேரம் வரை நீடிக்கும்.

சிசேரியனுக்கு முதுகில் போடும் மரத்துப்போகும் ஊசி வேறு. அதில் கால்கள் அசையாது. மார்பின் மட்டும் கொடுத்தால் கால் மரத்துப்போகாது, அசைக்கலாம். நெஞ்சைத் திறக்கும்போது நோயாளியைத் தூங்கவைக்கும் முழு மயக்கம் தனியாக உண்டு. இந்த ஊசி, அவர் விழித்தெழுந்த பிறகு வரும் வலிக்காக முன்கூட்டியே போடப்படுவது.

இடுப்பில் போடும் மருந்து நெஞ்சு வரை எப்படிப் போகிறது என்று நாம் கேட்டோம். மார்பின் தண்ணீரில் நன்றாகக் கரையும், கொழுப்பில் எளிதில் கரையாது. ஆகவே அது நரம்புத் திசுக்களுக்குள் உடனே உறிஞ்சப்படாமல், அந்த நீரிலேயே தங்கி, மெதுவாக மேல்நோக்கிப் பரவி, மணிக்கணக்கில் வேலை செய்கிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஃபெண்டனில் கொழுப்பில் கரைவது. அது போட்ட இடத்துக்கு அருகிலேயே உறிஞ்சப்பட்டு, சில மணி நேரத்தில் பலன் தீர்ந்துவிடும்.

மார்பினின் நன்மை இந்தத் தன்மையில்தான் இருக்கிறது. அதன் ஆபத்தும் இதே தன்மையிலிருந்துதான் வருகிறது. அதைப் பின்னால் சொல்கிறோம்.

இது வந்த வழி

அபினின் வலி தணிக்கும் குணம் பழங்காலத்திலேயே தெரிந்ததுதான். 1037இல் மறைந்த இப்னு சீனா (ரஹ்) தம் மருத்துவ நூலில் அதன் பயனையும் அபாயத்தையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியைச் சேர்ந்த மருந்தாளர் செர்டூர்னர் அபினிலிருந்து மார்பினைப் பிரித்தெடுத்தார். 1898இல் அகஸ்ட் பியர் முதுகில் மரத்துப்போகும் மருந்து செலுத்தி அறுவை சிகிச்சை செய்து காட்டினார். 1973இல் அபின் வகை மருந்துகளுக்கான ஏற்பிகள் உடலில் இருப்பது ஆய்வில் உறுதியானது. 1976இல் யாக்ஷ், ரூடி என்ற இரு ஆய்வாளர்கள் எலிகளின் தண்டுவட நீரில் மார்பினைச் செலுத்தி, அங்கேயே வலி தடுக்கப்படுவதைக் கண்டார்கள். 1979இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் புற்றுநோயின் கடும் வலியில் இருந்தவர்களுக்கு இதைக் கொடுத்து, நீண்ட நேரம் வலி தணிந்ததைப் பதிவு செய்தார்கள். ஆக, இது இன்று நேற்று வந்த பரிசோதனை அல்ல.

நம் நாட்டிலும் மருந்துக்கான அபின் அரசு அனுமதியோடு மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தின் சில பகுதிகளில் பயிராகிறது. காஜிபூரிலும் நீமச்சிலும் உள்ள அரசு ஆலைகள் அதைப் பதப்படுத்துகின்றன. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 2014இல் திருத்தப்பட்டு, வலியில் வாடுவோருக்கு மார்பின் கிடைப்பது எளிதாக்கப்பட்டது. போதைக்கு விற்றால் சிறை, மருந்துக்குக் கொடுத்தால் அனுமதி என்ற வேறுபாட்டை நாட்டின் சட்டமே செய்கிறது.

பின்விளைவுகளை மறைக்க வேண்டாம்

அரிப்பு: பலருக்கு வரும். பெரும்பாலும் முகத்திலும் மூக்கிலும் நெஞ்சிலும் இருக்கும். இது ஒவ்வாமை என்று பயந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை, மருந்தின் நேரடி விளைவே. தொந்தரவு அதிகமானால் அதற்கு மருந்து உண்டு.

குமட்டல், வாந்தி: இதற்கும் மருந்து கொடுப்பார்கள்.

சிறுநீர் இறங்காமை: அதனால்தான் சிறுநீர்க் குழாய் வைக்கப்பட்டிருக்கும்.

தலைவலி: ஊசி போட்ட துளை வழியாக நீர் கசிந்தால், எழுந்து உட்காரும்போது தலைவலி வரலாம். இப்போதைய மெல்லிய ஊசிகளால் இது அரிதாகிவிட்டது.

மூச்சு மந்தமாதல்: இதுதான் கவனிக்க வேண்டியது. மருந்து தண்டுவட நீரில் மெதுவாக மேலேறும் என்று சொன்னோம் அல்லவா? அது மூளையின் அடிப்பகுதியில் உள்ள மூச்சுக் கட்டுப்பாட்டு மையம் வரை போய்ச் சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். உடனே அல்ல. பெரும்பாலும் ஊசி போட்டு 6 முதல் 12 மணி நேரத்துக்குள். சில வேளைகளில் 24 மணி நேரம் வரைகூட. குறைந்த அளவில் கொடுக்கும்போது இது அரிது. ஆனாலும் அரிது என்று விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான், ஊசி போட்ட முதல் இரவு முழுக்க செவிலியர் மணிக்கு ஒரு தடவை வந்து மூச்சை எண்ணுவார், பேர் சொல்லி எழுப்பிப் பார்ப்பார். மூச்சு நிமிடத்துக்குப் பத்துக்குக் கீழே போனாலோ, எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் இருந்தாலோ உடனே டாக்டரை அழைப்பார்கள். மார்பினின் வேலையை முறிக்கும் நலாக்சோன் என்ற மாற்று மருந்து அங்கே தயாராக இருக்கும்.

இங்கே நம் குடும்பங்கள் செய்யும் ஒரு தவறைச் சொல்ல வேண்டும். "இப்போதுதான் கண் அசந்தார்கள், எழுப்பாதீர்கள் சிஸ்டர்" என்று செவிலியரைத் தடுப்பார்கள். அரிக்கிறது என்று வீட்டிலிருந்து அலர்ஜி மாத்திரை கொண்டுவந்து கொடுப்பார்கள். அத்தா வழக்கமாகப் போடும் தூக்க மாத்திரையை டாக்டரிடம் சொல்லாமல் கொடுப்பார்கள். தூக்கம் வரவைக்கும் எந்த மருந்தும் இந்த ஊசியோடு சேர்ந்தால் மூச்சை இன்னும் மந்தமாக்கும். அன்பினால் செய்வதுதான்; ஆனால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

"முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் முதுகுவலி" என்பது நம் வீட்டுப் பெண்கள் நடுவே பரவலாக உள்ள பேச்சு. ஊசி குத்திய இடத்தில் சில நாட்கள் வலி இருக்கலாம். வாழ்நாள் முதுகுவலிக்கு இந்த ஊசியே காரணம் என்பதை ஆய்வுகள் ஆதரிக்கவில்லை.

இந்த ஊசி எல்லோருக்கும் ஏற்றதும் அல்ல. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், முதுகில் கிருமித் தொற்று உள்ளவர்கள், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு டாக்டர் வேறு வழியைத் தேர்ந்தெடுக்கலாம். முதுகெலும்புக்கு அருகிலோ விலாப் பகுதியிலோ நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசிகள் உண்டு. மெல்லிய குழாய் வைத்துப் பல நாட்கள் மருந்து செலுத்தும் எபிட்யூரல் முறையும் உண்டு. எது யாருக்கு என்பது மருத்துவரின் முடிவு.

மார்க்கம் என்ன சொல்கிறது?

போதை தரும் ஒவ்வொன்றும் ஹராம் என்பதில் சந்தேகமே இல்லை. ஸஹீஹ் முஸ்லிமில் தெளிவான ஹதீஸ் உண்டு. மதுவை மருந்துக்காகக் காய்ச்சலாமா என்று கேட்ட நபித்தோழரிடம், அது மருந்தல்ல, நோய் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதிலளித்ததும் அதே நூலில் இருக்கிறது. உடம்பைத் தளர்த்தி மந்தமாக்கும் பொருட்களையும் தடுத்தார்கள் என்று உம்மு ஸலமா (ரலி) அவர்களின் அறிவிப்பு அபூதாவூதில் வருகிறது. பெரியத்தாவின் பயம் ஈமானிலிருந்து வந்தது. அதை நாம் குறை சொல்லவில்லை.

ஆனால் ஃபுகஹாக்கள் இந்த ஆதாரங்களை எல்லாம் முன்வைத்துத்தான் மருந்தின் சட்டத்தைப் பேசினார்கள். பானமாக உள்ள மதுவையும், அபின் போன்ற திடப்பொருளையும் அவர்கள் ஒன்றாகப் பார்க்கவில்லை. அவற்றைப் போதைக்காகப் பயன்படுத்துவது ஹராம். சிகிச்சைக்குத் தேவையான அளவு வேறு விஷயம். அழுகிப்போன கையைத் துண்டிக்க அறிவை மறக்கச் செய்யும் மருந்து தேவைப்பட்டால் கொடுக்கலாமா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, கூடும் என்பதே சரியான கருத்து என ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் மறைந்தது ஹிஜ்ரி 676இல். நம் காலத்தில், குவைத்தில் உள்ள மருத்துவ அறிவியலுக்கான இஸ்லாமிய அமைப்பு 1995இல் உலமாக்களையும் மருத்துவர்களையும் கூட்டி ஆய்ந்தபோது, போதை மருந்துகள் ஹராம், மருத்துவர் நிர்ணயிக்கும் அளவில் சிகிச்சைக்கு மட்டும் கூடும் என்றே முடிவு செய்தது.

நிர்ப்பந்தத்துக்கு ஆளானவர், வரம்பு மீறாமலும் விரும்பித் தேடாமலும் தேவையான அளவு எடுத்தால் அவர் மீது குற்றமில்லை என்ற கருத்தை குர்ஆன் அல்பகரா அத்தியாயத்தின் 173ஆம் வசனத்தில் சொல்கிறது. இதிலிருந்து நம் கேள்விக்கு மூன்று நிபந்தனைகளைச் சொல்லலாம். உண்மையான தேவை இருக்க வேண்டும். தேர்ந்த மருத்துவர் தீர்மானித்திருக்க வேண்டும். தேவைக்கு மிஞ்சிய அளவு கூடாது. நெஞ்சு சிகிச்சைக்கு மருத்துவர் அளந்து, ஒரு தடவை கொடுத்து, இரவெல்லாம் கண்காணிக்கும் இந்த ஊசியில் மூன்றும் இருக்கின்றன. அதே பலன் தரும் வேறு முறை அந்த நோயாளிக்குப் பொருந்தும் என்று மருத்துவர் சொன்னால் அதை எடுத்துக்கொள்ளட்டும். சம பலன் இல்லை என்றால் தயங்க வேண்டியதில்லை. மேலும், இந்தச் சிறு அளவு பெரும்பாலும் அறிவை மறைப்பதில்லை. நோயாளி பேசுவார், ஆளை அறிவார், திக்ரு செய்வார்.

உர்வா (ரஹ்) அவர்களின் பொறுமை

"உர்வா இப்னு ஜுபைர் (ரஹ்) அவர்கள் காலை அறுத்தபோதுகூட மருந்து குடிக்கவில்லையே?" என்று பெரியத்தா கேட்டார்கள். நல்ல கேள்வி. அஸ்மா (ரலி) அவர்களின் மகன், மதீனாவின் ஏழு ஃபுகஹாக்களில் ஒருவர். பயணத்தில் கால் அழுகிப்போனபோது, அறிவை மறக்கச் செய்யும் பானத்தை மறுத்துவிட்டு, ரம்பத்தால் காலை அறுக்க அனுமதித்தார்கள் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. இறைநினைவு ஒரு கணமும் அறுபடக் கூடாது என்பது அவர்களின் கவலை.

அது அவர்கள் தமக்காகத் தேர்ந்துகொண்ட உயர்ந்த நிலை. ஒவ்வொரு நோயாளிக்கும் அதுவே கடமை என்று ஃபுகஹாக்கள் சட்டம் எடுக்கவில்லை. அவர்கள் மறுத்தது அறிவை மறைக்கும் பானம். இந்த ஊசி அப்படி இல்லை என்று மேலே சொன்னோம். எல்லாவற்றுக்கும் மேலாக, அது கால். காலின் வலியைப் பொறுத்துக்கொண்டு ஒருவர் மூச்சு விடலாம், திக்ரு செய்யலாம். நெஞ்சின் வலியைப் பொறுத்துக்கொள்பவர் தம்மை அறியாமலேயே மூச்சைச் சுருக்குகிறார், இருமலை விழுங்குகிறார். அங்கே பொறுமை என்று நினைத்துச் செய்வது நுரையீரலை மூடிவிடுகிறது. தன்னைத் தானே அழிவில் போட்டுக்கொள்வதை குர்ஆன் தடுக்கிறது (2:195).

நபி (ஸல்) அவர்கள் தலைவலிக்காக, அதுவும் இஹ்ராமில் இருந்த நிலையில், தலையில் ஹிஜாமா செய்துகொண்டார்கள் என்று புகாரியில் வருகிறது. வலிக்குச் சிகிச்சை எடுப்பது ஸப்ருக்கு எதிரானது என்றால் அவர்கள் செய்திருப்பார்களா? முள் தைத்தாலும் முஃமினின் பாவம் மன்னிக்கப்படுகிறது என்பது உண்மை. முள்ளைப் பிடுங்காதே என்று யாரும் சொல்லவில்லை. சிகிச்சைக்குப் பிறகும் மிச்சமிருக்கும் வலியில் பொறுமைக்குப் போதுமான இடம் உண்டு.

தொழுகையைப் பற்றி

மூல நோயால் அவதிப்பட்ட இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களிடம், நின்று தொழுவீராக, முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்து என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள் (புகாரி). நெஞ்சு சிகிச்சை பெற்றவர் கட்டிலில் சாய்ந்தபடியே சைகையால் தொழலாம். தண்ணீர் பட முடியாத நிலையில் தயம்மும். சிறுநீர்க் குழாய் வைத்திருப்பவர் தொடர்ந்து சிறுநீர் கசிபவரின் சட்டத்தில் வருவார். தொழுகை நேரம் வந்தபின் உளூ செய்துகொண்டு தொழுவார். முழு மயக்கத்தில் தவறிய தொழுகையை விழித்தபின் களா செய்துகொள்வதே பேணுதல். உங்கள் மத்ஹபின் நுணுக்கங்களை உள்ளூர் ஆலிமிடம் சிகிச்சைக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்

1. இவருக்கு எந்த வலி நிவாரண முறை? ஏன் அது?
2. ரத்தம் உறையாமைக்கான மாத்திரையை எப்போது நிறுத்த வேண்டும், எப்போது மறுபடி தொடங்க வேண்டும்? (நீங்களாக நிறுத்த வேண்டாம்.)
3. குறட்டை, தூக்கத்தில் மூச்சு நிற்பது, தூக்க மாத்திரைப் பழக்கம் இருக்கிறதா? கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.
4. முதல் 24 மணி நேரம் எந்த வார்டில் இருப்பார்? மூச்சை யார், எத்தனை மணிக்கு ஒரு தடவை பார்ப்பார்கள்?
5. ஊசியின் பலன் தீர்ந்ததும் வலிக்கு என்ன மருந்து? வலி திரும்பிய பிறகு தேடுவதைவிட முன்பே தொடங்குவது நல்லது.

வீட்டுக்கு வரும் மாத்திரைகள்

ஒரே ஒரு தடவை, மருத்துவமனையில், அளந்து போடும் ஊசியால் ஒருவர் போதைக்கு அடிமையாகிவிடுவார் என்ற பயம் தேவையற்றது. நம் கவனம் திரும்ப வேண்டிய இடம் வேறு. வீடு திரும்பும்போது சிலருக்கு டிரமடால் போன்ற வலி மாத்திரைகள் எழுதித் தருகிறார்கள். 2018இல் டிரமடால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. வலி மாத்திரையைப் போதைக்குப் பயன்படுத்தும் கொடுமை நம் தெருக்களிலும் வந்துவிட்டது என்பதைப் பெற்றோர் அறிவார்கள். சொன்ன நாட்களுக்கு மேல் சாப்பிட வேண்டாம். மிச்சத்தை அலமாரியில் போட்டு வைக்காமல், மருத்துவரிடமோ மருந்துக் கடையிலோ கேட்டு அப்புறப்படுத்துங்கள். அத்தாவின் காயத்துக்கு ஹலாலான அதே மாத்திரை, மகனின் கையில் விளையாட்டுக்கு வந்தால் ஹராம்.

அந்தக் குடும்பம் கையெழுத்துப் போட்டது. சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். அன்றிரவு அத்தாவுக்கு மூக்கெல்லாம் அரித்ததாம். செவிலியர் மணிக்கொரு தடவை எழுப்பியதில் கோபமும் வந்ததாம். பக்கத்தில் இருந்த மகன் தடுக்கவில்லை. மறுநாள் ஃபஜ்ரைச் சாய்ந்தபடியே தொழுதார்கள். இரண்டாம் நாள் நாம் பார்க்கப் போனபோது, மூன்று பந்துகள் உள்ள அந்த மூச்சுப் பயிற்சிக் கருவியைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பந்து மேலே ஏறியது. தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓர் இருமல் இருமினார்கள். முகம் சுளித்தது, ஆனால் சளி வந்தது. "வலிக்கிறது ஹஜ்ரத், ஆனால் தாங்குகிற வலிதான்" என்றார்கள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் பெரியத்தா உட்கார்ந்து, "இன்னொரு தடவை இழு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நோயைத் தந்து அதற்கு நிவாரணத்தையும் இறக்கிய வல்ல அல்லாஹ், நம் நோயாளிகள் அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தருவானாக! கேட்டு அறிந்து நடக்கும் பக்குவத்தை நம் குடும்பங்களுக்கு வழங்குவானாக! ஆமீன்.